நான்கு முறை பக்கவாட்டில் பார்த்தாள்

சென்ற வியாழக்கிழமை ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் அந்த எண்ணைப் பார்த்தால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. பேசியவள் என்னோடு சில காலம் வேலை பார்த்த பெண். இப்போது அவளும் நேர்காணல் குழுவில் உட்காருகிறாள்.

"மேடம், மொதல் ரவுண்ட இப்ப மெஷினே எடுக்குது. கண்ணு ஸ்க்ரீன விட்டு நவுந்தா எண்ணிகினே இருக்கும். நேத்து ஒருத்தருக்கு ஏழு தடவைன்னு எண்ணி, சந்தேகம்னு செவப்புக் குறி போட்டுடிச்சி" என்றாள்.

ஏழு தடவையாமே. அந்தக் கணக்கை நானே ஒரு முறை போட்டவள். போட்டு மாட்டிக்கொண்டவளும்கூட. "அந்தக் கதைய எழுதிக் குடுங்க மேடம், புதுசா வர்ற பேனல்காரங்களுக்குப் படிக்கக் குடுக்கணும்" என்றாள். ரசத்தை மறந்துவிட்டு அன்று மத்தியானமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் சுலோசனா. ஊர் திருத்தணி. அப்பா, எங்கள் வழக்கில் நைனா, தாலுகா ஆபீசில் குமாஸ்தா. பொறியியல் படித்தேன், ஒரு பாலிடெக்னிக்கில் சில வருடம் பாடம் எடுத்தேன், பிறகு சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டேன். நேர்காணல் நாளன்று விடிகாலை ரயிலில் நின்றுகொண்டே போனேன். புடவையில் யாரோ காபி கொட்டிவிட்டார்கள். கைக்குட்டையால் கறையை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், மேசைக்கு அந்தப் பக்கம் ஒல்லியாக ஒருவர் காதில் பென்சில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் கோபிநாத் சார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். அதற்குப் பின் இருபத்து நான்கு வருடம் எனக்கு மேலதிகாரி.

அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி குடிச்சீங்களா?" அதை நான் தொழில்நுட்பக் கேள்வி என்று நினைத்து ஒரு நொடி திகைத்துப் போனேன். இல்லை என்றேன். அவரே எழுந்து போய் டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு, இரண்டு முன்பதிவு கவுன்டரில் இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே இருக்கையைக் கேட்டால் கணினி என்ன செய்ய வேண்டும் என்றார். அதற்கு ஏதோ சொல்லிவிட்டேன். அடுத்த கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை, தெரியாது என்றேன். அவர் முகம் மாறவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.

வேலை கிடைத்தது. ஐந்தாறு வருடம் கழித்து என்னையும் நேர்காணல் குழுவில் போட்டபோது, பழகிக்கொள்வதற்காக என்னுடைய பழைய தாளையே எடுத்துக் காட்டினார். தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் "தெரியாது என்று உடனே சொன்னார்" என்று இருந்தது. வலப்பக்கம் "நம்பலாம்" என்று ஒரே ஒரு சொல். கைக்குட்டையைப் பற்றி இரண்டு பக்கத்திலும் ஒன்றுமில்லை. எனக்கு அப்போதுதான் நிம்மதி.

அதுதான் அவர் முறை. இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நாம் நினைத்தது. விண்ணப்பதாரர் சொன்னது, செய்தது, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இடப்பக்கம். நம் அபிப்பிராயம் எல்லாம் வலப்பக்கம். தாளை அவரிடம் கொடுத்தால் வலப்பாதியை மடித்து மறைத்துவிட்டு இடப்பக்கத்தை மட்டும் படிப்பார். படித்து அவர் ஒரு முடிவுக்கு வருவார். பிறகு மடிப்பைப் பிரிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்து. இல்லையென்றால் நம் பாடு திண்டாட்டம். இன்னொரு விதியும் வைத்திருந்தார். விண்ணப்பத்தில் ஊரும் கல்லூரியும் இருக்கும் இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டித்தான் எங்களிடம் தருவார். நம்ம ஊர்ப் பிள்ளை என்று ஒரு மார்க் கூடிவிடக் கூடாது, எந்த ஊரோ என்று ஒரு மார்க் குறைந்துவிடவும் கூடாது என்பார்.

தொடக்கத்தில் இந்தக் கோடு எனக்கு வீண் வேலையாகத்தான் பட்டது. ஒரு நாள் ஒரு பையனைக் கேள்வி கேட்டேன். "மேடம், உங்க கேள்வியே தப்பு" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இடப்பக்கத்தில் "திமிர் பிடித்தவர்" என்று எழுதிவிட்டேன். கோபிநாத் சார் அதைப் பென்சிலால் வட்டம் போட்டார்.

"சுலோசனா, இது எந்தப் பக்கம்?"

"அவன் நடந்துகிட்டதத்தான் சார் எழுதினேன்."

"நடந்தது என்ன? அவர் என்ன சொன்னார்?"

"என் கேள்வி தப்புன்னு சொன்னான் சார்."

"தப்பா?"

அப்போதுதான் கேள்வியை எடுத்துப் பார்த்தேன். தப்புதான். முந்தின நாள் அவசரத்தில் தயாரித்தபோது ஓர் எண்ணை மாற்றி எழுதியிருக்கிறேன். அன்று முழுக்க யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பையன் சேர்ந்து, பத்து வருடத்தில் எனக்கு இணையாக வந்துவிட்டான். எங்கே பார்த்தாலும் "கேள்வி சரியா மேடம்?" என்று வம்புக்கு இழுப்பான். அதன் பிறகு கோட்டை நான் தாண்டவில்லை. அந்த ஒரு ஆடி மாதம் வரைக்கும்.

பெருந்தொற்று முடிந்திருந்தது. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்று வைத்துக்கொண்டிருந்தோம். நேர்காணல் எல்லாம் திரையில்தான். திருத்தணி வீட்டில் முன்னறையை எனக்கென்று ஒதுக்கி, கணினிக்கு இடப்பக்கத்தில் கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு உட்காருவேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண். பெயர் ஷபானா. டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பட்டம் வாங்கியவள். சர்வர்களைப் பராமரிக்கும் பிரிவுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். பின்னால் நீலச் சுவர், ஒரு காலண்டர். ஊர்ப் பெயர் வழக்கம்போல மறைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் தடுமாறினால் தமிழில் சொல்லலாம் என்றேன். அவள் தோள் இறங்கியது தெரிந்தது.

பத்து ஒன்பதுக்கு, ஒரு வாக்கியத்தின் நடுவில், அவள் கண் பக்கவாட்டில் போனது. மிச்சத்தைக் கடகடவென்று சொல்லி முடித்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தாள். நான் காத்திருந்தேன். அரை நிமிடத்துக்கு மேலாயிற்று. ஒரு சத்தம் இல்லை. பிறகு "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குச் சுத்தமாக ஒரு பதில் சொன்னாள். பத்து இருபத்தொன்றுக்கு மறுபடியும் அதே. பார்வை பக்கத்தில், வேகமாக ஒரு முடிப்பு, மௌனம், சாரி, அப்புறம் அருமையான பதில். பத்து முப்பத்து நான்குக்கு மூன்றாம் முறை. பத்து நாற்பத்தெட்டுக்கு நான்காம் முறை.

நடுவில் நான் கேட்ட ஒரு கேள்வியை இங்கே சொல்ல வேண்டும். ஓர் இணையதளம் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது, தினமும் சில நேரங்களில் மட்டும் நின்று நின்று போகிறது, எங்கே தொடங்குவீர்கள் என்றேன்.

"எங்கப்பா மெக்கானிக் மேடம். வண்டி நிக்குதுன்னு வந்தா, உடனே எஞ்சினக் கழட்ட மாட்டாரு. எப்ப எப்ப நிக்குதுன்னு மொதல்ல எழுதினு வரச் சொல்லுவாரு. நானும் அதான் செய்வேன். நிக்கற நேரத்த எழுதி வெச்சி, அந்த நேரத்துக்கு வேற இன்னா நடக்குதுன்னு பக்கத்துல வெச்சிப் பாப்பேன்."

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் கேட்ட மிகச் சிறந்த பதில் அது. ஆனால் அதையும் அவள் பக்கவாட்டில் பார்த்து, மௌனமாக இருந்துவிட்டுத்தான் சொன்னாள். அந்த ஆண்டு திரைக்குப் பின்னால் ஆள் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நாங்களே ஆறேழு பேரைப் பிடித்திருந்தோம். சந்தேகம் வந்தால் விண்ணப்பதாரரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது, பதிவு மட்டும் செய்ய வேண்டும் என்பது நிறுவனத்தின் உத்தரவு. எனக்குக் கோபமாக வந்தது. இவ்வளவு நல்ல பதிலை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே என்று வருத்தமாகவும் இருந்தது. நேரத்தையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியாக இடப்பக்கத்திலேயே எழுதினேன்: "நான்கு முறை பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுச் சொன்னார்."

முறைகேடு என்று முத்திரை விழுந்தால் இரண்டு வருடம் எங்கள் நிறுவனத்தின் எந்தப் பிரிவுக்கும் அவள் விண்ணப்பிக்க முடியாது. மறுநாள் நண்பகல் பன்னிரண்டுக்குப் பதிவு பூட்டிக்கொள்ளும். பிறகு யார் நினைத்தாலும் மாற்ற முடியாது.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. பத்தரை மணிக்குக் கோபிநாத் சாரோடு திரையில் முடிவுக் கூட்டம். தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அவர் வீட்டில் அச்செடுத்து, வழக்கம்போல வலப்பாதியை மடித்து வைத்திருந்தார்.

"கடைசி வரிய வட்டம் போட்டிருக்கேன், சுலோசனா. பக்கத்துல ஆள் இருந்ததப் பாத்தீங்களா?"

"பாக்கல சார். ஆனா வேற எப்படி சார்? நாலு தடவ..."

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் காவடி திரும்பியது. பத்துப் பதினைந்து காவடிகள், முன்னால் பம்பை, உடுக்கை, அரோகரா. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்தச் சத்தத்தில் பேசி என்ன பயன் என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, காவடி கடந்து போகட்டும் என்று சும்மா இருந்தேன். போனதும் "சாரி சார்" என்று திரும்பினேன்.

கோபிநாத் சார் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அங்க யாரு?"

"யாரும் இல்ல சார். மேளம். காவடி போச்சே."

"எந்த மேளம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின மாதம்தான் கூட்ட மென்பொருளில் புதிதாக ஒரு வசதி போட்டிருந்தார்கள். பின்னணிச் சத்தத்தை அதுவே வடிகட்டிவிடும். நாய் குரைத்தாலும் மிக்ஸி ஓடினாலும் எதிரே இருப்பவருக்குக் கேட்காது. அதை எல்லாரும் பாராட்டினோம், நானும்தான். இத்தனை மேளத்தையும் அது விழுங்கிவிட்டது. பார்க்கிறவருக்கு நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு வாயடைத்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

"சார், அந்தப் பொண்ணு எந்த ஊரு? ஒட்டின காகிதத்தப் பிரிங்க சார்."

"பிரிச்சா இந்தப் பொண்ணோட குழுவுல நீங்க மறுபடி உக்கார முடியாது."

"பரவால்ல சார், பிரிங்க."

அவர் காகிதத்தை உரிக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. "அரக்கோணம். ரயில்வே கேட் பக்கத்துல, கதவு எண்..." என்று படித்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அந்த வழியாகத்தானே கால் நூற்றாண்டு சீசன் டிக்கெட்டில் போய்வந்தேன். அந்த கேட்டை ஒட்டி வரிசையாக வீடுகள், கை நீட்டினால் தொடலாம் போல இருக்கும். ரயிலுக்குள் இருந்தவளுக்கு, அந்த வீடுகளுக்குள் இருப்பவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. "வண்டிச் சத்தத்துக்குத்தான் சார் அந்தப் பொண்ணு நிறுத்தியிருக்கா" என்றேன்.

"தோணுறது வலப்பக்கம், சுலோசனா" என்றார் கோபிநாத் சார். குரல் மாறவில்லை. ஆனால் காதில் பென்சில் இல்லை, கையில் இருந்தது. "இடப்பக்கத்துக்கு என்ன வெச்சிருக்கீங்க? மணி பத்தே முக்கால்."

அப்போது அந்தப் பெண்ணின் பதிலே நினைவுக்கு வந்தது. நிற்கிற நேரத்தை எழுதி வை, அந்த நேரத்துக்கு வேறென்ன நடக்கிறது என்று பார். நேரங்கள் நோட்டில் இருந்தன. அந்த நேரத்துக்கு என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் இருந்தார். என் அக்கா வீட்டுக்காரர், பாவா, அதே பாதையில் திருத்தணிப் பக்கமாக அடுத்த கேட்டில் கேட் கீப்பர். ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. அழைத்தால் எடுக்கவில்லை. வண்டி வரும் நேரமாக இருக்கும். நான்காம் முறை எடுத்தார்.

"இன்னாம்மா சுலோசனா, கிருத்திகைக்கு மல மேல போவல?"

"பாவா, நேத்து காலைல பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் எந்தெந்த வண்டி எப்ப போச்சி?"

"இன்னாத்துக்கு? வண்டிய வுட்டுட்டியா?"

"இல்ல பாவா, ஒரு பொண்ணோட வேல பாவா. சொல்லுங்க."

"இரு. நேத்து நான்தான் டூட்டி." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "பத்து பன்னெண்டுக்கு ஒண்ணு ரேணிகுண்டா பக்கம் போச்சி. பத்து பதினெட்டுக்கு ஒண்ணு அரக்கோணம் பக்கம். அப்பால ஒரு கூட்ஸு, பத்து முப்பத்தேழு, அதுவும் ரேணிகுண்டாவுக்குத்தான். பத்து நாப்பத்தஞ்சுக்கு ஒண்ணு அரக்கோணம் வந்துகினு இருந்திச்சி."

எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட என் நோட்டோடு பொருந்தவில்லை. 10:09க்கு எதிரே 10:12. 10:21க்கு எதிரே 10:18.

"பாவா, ஒண்ணும் ஒத்து வரலையே."

"எந்த கேட்டுக்குப் பாக்கற நீ?"

"அரக்கோணம் பக்கத்து கேட்டு."

"ஆங், அதச் சொல்லு. அதுக்கும் எனக்கும் மூணு நிமிசம். இங்கேர்ந்து அரக்கோணம் போற வண்டி என்னத் தாண்டி மூணு நிமிசத்துல அங்க போவும். அங்கேர்ந்து வர்றது மூணு நிமிசம் முன்னாடியே அதத் தாண்டிட்டிருக்கும். கூட்டிக் கழிச்சிப் பாரு."

கூட்டினேன், கழித்தேன். பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. பதினெட்டோடு மூன்று, இருபத்தொன்று. முப்பத்தேழில் மூன்று போனால் முப்பத்து நான்கு. நாற்பத்தைந்தோடு மூன்று, நாற்பத்தெட்டு. நான்கும் நான்கு ஆணி அடித்த மாதிரி வந்து உட்கார்ந்தன. நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். பாவா அந்தப் பக்கம் "இன்னாச்சி, இன்னாச்சி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினொன்று இருபதுக்குக் கோபிநாத் சாருக்கு இரண்டு வரிசையையும் அனுப்பினேன். அவர் எண்களைப் பார்த்தார். என் கடைசி வரியை ஒரே கோட்டில் அடித்து, "நான்கு முறை பக்கவாட்டில் பார்த்தார். நான்கு முறையும் வண்டி" என்று எழுதினார். பூட்டு விழுவதற்கு அரை மணிக்கு முன்பு பதிவு மாறியது: மறு நேர்காணல். பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

"ஊர மறைக்கச் சொன்னது நான்தான். நீங்க மட்டும் தப்பு பண்ணல, சுலோசனா."

மறு நேர்காணல் எடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர். எங்கள் இருவருக்கும் அதில் இடமில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று, சத்தத்தை வடிகட்டும் வசதியை நிறுத்திவிட்டு உட்காருங்கள் என்று. அன்று ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். என் சொந்த நேர்காணலுக்குக்கூட அப்படிப் பதறவில்லை. சாயங்காலம் அவருடைய தாளைப் பார்த்தேன். இடப்பக்கத்தில் இருந்தது: "வண்டி வந்தது. இருவரும் காத்திருந்தோம். விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினார்." வலப்பக்கத்தில் "எடுத்துக்கொள்ளலாம்". அழுதுவிட்டேன் என்று சொல்ல வெட்கமில்லை.

இரண்டு மாதம் கழித்து, அலுவலகம் போகும் நாள் ஒன்றில், அரக்கோணத்தில் பெண்கள் பெட்டியில் ஒருத்தி ஏறினாள். கழுத்தில் எங்கள் நிறுவனத்தின் புது அடையாள அட்டை. திரையில் பார்த்ததைவிட உயரம். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் அவள் பக்கத்தில் சென்னை வரை உட்கார என்னால் முடியாது. அவள் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ட்ரெயின் சத்தம் உங்களுக்கும் கேக்குதுன்னு நெனச்சிகினேன் மேடம். ஜன்னல்ல வண்டி தூரத்துல தெரிஞ்சா பத்து செகண்டுல வந்துடும். அதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும்னு பறப்பேன். மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? நீங்களும் அன்னிக்கி பக்கத்துல பக்கத்துலயே பாத்துகினு இருந்தீங்க. யாரோ உங்களுக்குக் கேள்வி எடுத்துக் குடுக்கறாங்கன்னு நெனச்சேன்."

இடப்பக்கம் வைத்திருந்த நோட்டு! "எத்தன தடவ பாத்தேன்?" என்று கேட்டேன்.

"அத எண்ணல மேடம். பதில் சொல்றதுல இருந்தேன்."

பெட்டி முழுக்கச் சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். அலுவலகம் போனதும் அந்த வரியை நோட்டில் இடப்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

சென்ற வியாழக்கிழமை என்னை அழைத்தவளும் அந்த ஷபானாதான். ஏழு தடவை என்று இயந்திரம் சிவப்புப் போட்ட ஆளைப் பற்றிச் சொன்னபோது, என்னிடம் யோசனை கேட்கப் போகிறாள் என்று நினைத்து நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இப்ப என்ன பண்ணப் போறே?" என்றேன்.

"பண்ணிட்டேன் மேடம். செவப்ப நிறுத்தி வெச்சாச்சி. நாளைக்கி பத்து மணிக்கி நானே அவர்கிட்ட பேசறேன். ஊரு பேர மட்டும் இன்னும் பாக்கல, பாத்தா நான் பேச முடியாதே."